நாற்பத்து மூன்று வரிகள்

ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த தாளில் ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். போன அக்டோபரில் பேங்கிலிருந்து ரொக்கமாக எடுத்த ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்குக் கணக்கில் பதிவு இல்லை. மறுநாள் மூவாயிரம் திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கும் பதிவு இல்லை. மீதி ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம் என்ன ஆனது என்று பதினைந்து நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பணத்தை எடுத்து வந்தவள் அகல்யாதான். கோட்டையூரில் சமையல் காண்ட்ராக்ட் நடத்தும் அக்கம்மாளிடம் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். முதல் நான்கு வருடம் நோட்டில் எழுதினாள். இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில், ‘வரவேடு’ என்ற சாப்ட்வேரில். காரைக்குடியிலேயே அஸ்பாக் என்பவர் எழுதி விற்கும் சாப்ட்வேர் அது. வட்டாரத்தில் எழுபது கடைகள் அதை வைத்திருந்தன.

பணம் என்ன ஆனது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தீபாவளிப் பலகார ஆர்டருக்காக அக்கம்மாள் ஒவ்வொரு வருடமும் சுற்று ஊர்களிலிருந்து பெண்களைக் கூட்டி வந்து ஒரு மாதம் வேலை வாங்குவாள். போன வருடம் நாற்பத்திரண்டு பேர். கூலி போக ஆளுக்கு மூவாயிரம் போனஸ் என்று சொல்லியிருந்தாள். ஆனால் கொடுக்கும் நாளில் அக்கம்மாள் ஊரில் இல்லை. பினாங்கில் ஒரு கல்யாணத்துக்காகத் தன் நிரந்தரச் சமையல்காரிகள் எட்டுப் பேரோடு போயிருந்தாள். கையெழுத்துப் போட்ட செக்கை அகல்யாவிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அகல்யா பணத்தை எடுத்து, பலகாரக் கொட்டகைக்குப் போய், ஆளாளுக்கு எண்ணிக் கொடுத்தாள். எல்லார் கையிலும் முறுக்கு மாவும் எண்ணெயுமாக இருந்ததால் கையெழுத்து வாங்கவில்லை. பெயர்ப்பட்டியலில் அவளே டிக் போட்டுக்கொண்டாள். அது முதல் தப்பு என்று இப்போது தெரிந்தது.

கம்ப்யூட்டரில் அக்டோபரைத் திறந்தாள். பேங்கிலிருந்து இவ்வளவு பணம் என்று மேலே ஒரு வரி, அதற்குக் கீழே நாற்பத்திரண்டு பெண்களின் பெயருக்கும் தலா மூவாயிரம் என்று நாற்பத்திரண்டு வரி. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அவள் ஏற்றிய பதிவு. அது இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் சாப்ட்வேர் தரும் வவுச்சர் எண்களைப் பார்த்தாள். எதுவும் விடுபடாமல் வரிசையாக இருந்தன. அப்படி ஒரு பதிவு எப்போதும் இருந்ததே இல்லை என்பது போல இருந்தது அந்த மாதம்.

அக்கம்மாள் கோபக்காரி இல்லை. அறுபது வயதில் ஆயிரம் இலைக்குச் சாப்பாடு போடுகிறவள். சத்தம் போட்டால் வேலை கெடும் என்று தெரிந்தவள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வைகாசிக் கல்யாணம் ஒன்றுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களில் மாரீஸ்வரியைக் கூப்பிட்டாள். தீபாவளிப் பலகாரத்துக்கு வந்த நாற்பத்திரண்டு பேரில் இப்போதும் அக்கம்மாளிடம் வேலை பார்ப்பவள் அவள் ஒருத்திதான். அவள் கணவன் முத்துக்கருப்பன் அக்கம்மாளின் பாத்திர வண்டியை ஓட்டுகிறவன். அண்டாக்களை இறக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

தீபாவளிக்கு அகல்யா மூவாயிரம் கொடுத்தாளா என்று அக்கம்மாள் கேட்டாள்.

மாரீஸ்வரி தரையைப் பார்த்தாள். “இல்லம்மா. எனக்கு வரல” என்றாள்.

அகல்யாவுக்கு முதலில் தன் காதில்தான் தப்பாக விழுந்ததோ என்று தோன்றியது. அந்த மூவாயிரத்தை மாரீஸ்வரி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டது அவள் கண்ணில் நின்றது. வாயைத் திறப்பதற்குள் மாரீஸ்வரி அரிவாள்மனைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அக்கம்மாள் அகல்யாவைத் தனியாக அழைத்துப் போனாள். “உன்னையத் திருடின்னு நான் சொல்லல. ஆனா கணக்குலயும் இல்ல, வாங்குனவளும் இல்லங்கிறா. பத்து நாள் தாரேன். காசு எங்க போச்சுன்னு காட்டு. காட்ட முடியலன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு. போலீசு கீலீசுன்னு நான் போக மாட்டேன்.”

கடைசியாகச் சொன்னதுதான் அகல்யாவுக்கு அதிகமாகச் சுட்டது. மன்னித்து விட்டுவிடுவேன் என்று சொல்வதற்கு அவள் என்ன செய்திருக்கிறாள்?

வீட்டுக்கு வந்து கணவர் செல்வத்திடம் சொன்னாள். செல்வம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தினமும் பைசாவுக்குக் கணக்கு ஒப்படைக்கிறவர் என்பதால் குறைந்த பணத்தைக் கையிலிருந்து கட்டிவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அவள் வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாம், பேச்சு அதோடு நிற்கும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

“கட்டினா எடுத்தேன்னு ஆகும்” என்றாள் அகல்யா. “எடுக்கலன்னு காட்டிட்டுத்தான் மறுவேல.”

மறுநாள் காலை அஸ்பாக்குக்குப் போன் செய்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். பதிவு காணாமல் போகாது, யாராவது அழித்தால்தான் போகும் என்றார். பழைய நகல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, முப்பது நாள் நகல்தான் வைத்திருக்கிறோம், அக்டோபருடையது போய்விட்டது என்றார். வேண்டுமானால் அடுத்த திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னார். அந்த வாரம் சென்னையில் இருந்தார்.

யாராவது அழித்தால்தான் போகும். போனை வைத்த பிறகு அந்தச் சொல்லே அவள் தலைக்குள் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவள் அவள் மட்டும்தான். அப்படியென்றால் அழித்ததும் அவள்தான். எப்போது, எதை?

மத்தியானம் அது நினைவுக்கு வந்தது. பொன்னுத்தாயி. நாற்பத்திரண்டு பேரில் பொன்னுத்தாயி மட்டும் போனஸ் வாங்கவில்லை. மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள் திரும்பவே இல்லை. அவளுடைய மூவாயிரத்தை அகல்யா மறுநாள் பேங்கில் திரும்பக் கட்டினாள். முறைப்படி அதற்கு ஒரு வரவுப் பதிவு போட்டிருக்க வேண்டும். தீபாவளி நெருக்கடியில் அவள் ஒரு குறுக்கு வழி பார்த்தாள். பொன்னுத்தாயியின் பக்கத்தைத் திறந்து, அங்கே இருந்த மூவாயிரம் ரூபாய் வரியைத் தேர்ந்தெடுத்து, டெலிட் அமுக்கினாள். “அழிக்கலாமா? ஆம், இல்லை” என்று கேட்டது. ஆம் என்றாள். வரி போனது. ஒரு பெயரை எடுத்துவிட்டோம், மொத்தம் ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரமாகக் குறைந்திருக்கும் என்று நினைத்து மூடிவிட்டாள்.

நினைத்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சாப்ட்வேரிலேயே பழகிக்கொள்ள ஒரு மாதிரிக் கணக்கு இருக்கும். அதில் பேங்கிலிருந்து முந்நூறு ரூபாய் எடுத்ததாகவும், கண்டனூர், பள்ளத்தூர், புதுவயல் என்று ஊர்ப்பெயர்களையே ஆட்களாக வைத்து மூன்று பெயருக்குத் தலா நூறு கொடுத்ததாகவும் ஒரு பதிவு போட்டாள். பள்ளத்தூர் பக்கத்துக்குப் போய் அந்த நூறு ரூபாய் வரியை மட்டும் அழித்தாள். பிறகு கண்டனூரைத் திறந்தாள். காலி. புதுவயலும் காலி. பேங்க் இருப்பில் முந்நூறும் ஏறியிருந்தது. வவுச்சர் எண்ணும் இடைவெளி தெரியாமல் நகர்ந்து மூடிக்கொண்டது.

இன்னும் இரண்டு முறை செய்தாள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஏழு மாதமாகத் தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்துவிட்டதில் ஒரு தெளிவு வந்திருந்தது.

ஆனால் பதிவு எப்படிப் போனது என்பதைத்தான் இது காட்டும். பணம் போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டாது. அதற்கு நாற்பத்தோரு பேர் வாய் திறக்க வேண்டும்.

பழைய பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். முகூர்த்த மாதம் என்பதால் பாதிப்பேர் வேறு வேறு காண்ட்ராக்டர்களிடம் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் கேட்டு, மண்டபத்தில் தேடி, அடுப்பங்கரைப் பின்வாசலில் காத்திருந்து பிடிக்க வேண்டியிருந்தது. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கியே ஆறு நாள் போனது. சிலர் அவளைக் கண்டதும் போனஸில் ஏதோ பாக்கி தர வந்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டார்கள். சிலர் கையெழுத்து என்றதும் பயந்தார்கள். வாங்கியதை வாங்கினேன் என்று எழுதினால் திரும்பக் கேட்பார்களோ என்று ஒருத்தி வெளிப்படையாகவே கேட்டாள். யாரும் கேட்க மாட்டார்கள் என்று அகல்யா ஒவ்வொரு வாசலிலும் விளக்கினாள்.

வாங்கினீர்களா என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும் வந்தது. அதைவிட, அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது எல்லாருக்கும் துல்லியமாக நினைவு இருந்தது. கீழச்சிவல்பட்டிக்காரி ஒருத்தி குக்கர் வாங்கியிருந்தாள். உள்ளே போய் எடுத்து வந்தே காட்டினாள். கண்டனூரில் ஒருத்தி மகனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டிய ரசீதை வைத்திருந்தாள். பிள்ளையார்பட்டியில் இப்போது அர்ச்சனைத் தட்டு விற்கும் ஒருத்தி, மூவாயிரத்தைத்தான் கடைக்கு முதலாகப் போட்டேன் என்று சொல்லி ஒரு தேங்காயைக் கையில் திணித்து அனுப்பினாள். புதுவயல் சைதுன் பீவி கேஸ் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். அந்தத் தேதியில் சிலிண்டர் வாங்கியதையும், ‘அகல்யா குடுத்தது 3000’ என்பதையும் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள்.

“இப்படி எழுதி வைக்கிற பழக்கம் எனக்கும் இருந்திருக்கணும்” என்றாள் அகல்யா.

சைதுன் பீவி சிரிக்கவில்லை. “நீங்க எழுதத்தானே செஞ்சீக. அந்த மெசினு தின்னுருச்சு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஒருத்தி மஸ்கட்டுக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். அவளிடமிருந்து செல்போனில் குரல் பதிவு வந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் நோட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். பாக்கி மாரீஸ்வரி.

அவள் வீட்டுக்கு அகல்யா போகவில்லை. முத்துக்கருப்பன் இருப்பான். கோட்டையூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது மாரீஸ்வரியே தேடி வந்தாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

பணத்தை வாங்கியது உண்மைதான் என்றாள். மகளுக்கு நர்சிங் சேர விண்ணப்பம் போட அது உதவியது. கணவனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே குடித்துத் தீர்த்திருப்பான். அவன் பக்கத்தில் நிற்கும்போது அம்மா கேட்டதும் வாய் தானாக இல்லை என்று சொல்லிவிட்டது. அதிலிருந்து ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. “நோட்டக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா அவருக்குத் தெரிஞ்சிரும்ல?”

அகல்யா நோட்டை நீட்டவில்லை. இந்த ஒரு கையெழுத்து மற்ற நாற்பதையும் விட அவளுக்குத் தேவைப்பட்டது. அக்கம்மாளின் நம்பிக்கை உடைந்தது இந்த ஒருத்தியின் சொல்லால்தான். ஆனால் நோட்டு அக்கம்மாள் கைக்குப் போகும், ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும், யார் யாரோ புரட்டுவார்கள்.

“வேணாம்” என்றாள். “உங்களுக்கு எப்பச் சொல்லணும்னு தோணுதோ, பெரியம்மாகிட்ட நீங்களே தனியாச் சொல்லுங்க. சொல்லலன்னாலும் நான் பாத்துக்கிறேன்.”

பஸ் வந்தது. மாரீஸ்வரி அங்கேயே நின்றாள்.

திங்கட்கிழமை அஸ்பாக்கின் ஆபீசுக்குப் போனாள். கல்லூரிச் சாலையில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. அஸ்பாக்குக்கு இருபத்தொன்பது வயது. சாப்ட்வேரை எழுதுவது அவர். ஊர் ஊராகப் போய் விற்பது அவருடைய மச்சான் சேக் பரீது. இருவரும் இருந்தார்கள்.

அகல்யா படங்களைக் காட்டினாள். அஸ்பாக் பார்த்துவிட்டு, இது பிழை இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறோம் என்றார். ஒரு பதிவில் ஒரு வரியை மட்டும் எடுத்தால் வரவும் செலவும் சமமாகாது, அதனால் பதிவு முழுவதையும் அழிக்கிறது என்று விளக்கினார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இதைக் குறையாகச் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

“நான் நின்னது பொன்னுத்தாயி பக்கத்துல, தம்பி. தெரிஞ்சது ஒரு வரி. அழிக்கலாமான்னு கேட்டுச்சு. இதோட இன்னும் நாப்பத்தொரு பேரு போறாகன்னு அதுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

அஸ்பாக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

“ஒருத்தரும் சொல்லலன்னு சொன்னீக. சொல்லாதவுகளுக்குத் தெரியாமக்கூட இருக்கலாம். எனக்கே ஏழு மாசம் தெரியல” என்றாள் அகல்யா.

அவர் அக்கம்மாளின் கணக்குக் கோப்பைத் திறந்து, அகல்யாவுக்குப் புரியாத எதையோ தட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார். வெளியே தெரியும் வவுச்சர் எண் வேறு, ஒவ்வொரு வரிக்கும் சாப்ட்வேர் தனக்குள் போட்டுக்கொள்ளும் எண் வேறு என்றார். வவுச்சர் எண்ணை அழித்த பிறகு நகர்த்திவிடலாம். உள்ளே இருக்கும் எண் நகராது. ஒரு முறை கொடுத்த எண்ணை இன்னொரு வரிக்குத் தராது.

திரையில் ஒரு பட்டியல் இருந்தது. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு மளிகைச் செலவு, அதன் எண் 5211. அதற்கு அடுத்த பதிவு, மறுநாள் எண்ணெய் வாங்கியது. அதன் எண் 5255.

“இடையில எத்தன வரி இல்லன்னு பாருங்கக்கா” என்றார் அஸ்பாக்.

அகல்யா விரல் விட்டு எண்ணவில்லை; மனதிலேயே கழித்தாள். நாற்பத்து மூன்று. பேங்குக்கு ஒன்று, பெண்களுக்கு நாற்பத்திரண்டு. அவள் உட்கார்ந்து ஏற்றிய அந்த மதியம் அங்கே இருந்தது, வெறும் எண்களாக. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, இதை அப்படியே எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரச் சொன்னாள்.

சேக் பரீது எழுந்து வந்தார். எழுத்தில் மட்டும் எதுவும் வேண்டாம் என்றார். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம்; அக்கம்மாளிடம் நேரில் வந்து வாய்மொழியாகச் சொல்லலாம். இப்படி ஒரு கடிதம் வெளியே போனால் எழுபது கடையும் போன் போடும், பாதிக் கடை விட்டுப்போகும், வாங்கிய கடனுக்கு யார் வட்டி கட்டுவது என்று கேட்டார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

அகல்யா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள். அது அவள் ஆடிட்டருக்கு எழுதியிருந்த விளக்கம். கையெழுத்து வாங்காமல் பணம் கொடுத்தது என் தவறு. திரும்பக் கட்டிய பணத்துக்கு வரவு எழுதாமல் வரியை அழித்தது என் தவறு. மாதாமாதம் பேங்கோடு கணக்கை ஒத்துப் பார்க்காதது என் தவறு. கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“என் பங்க நான் எழுதிட்டேன். உங்க பங்க நீங்கதான் எழுதணும். எழுதுற வரைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பேன்.”

சேக் பரீது மச்சானைப் பார்த்தார். அஸ்பாக் அந்தத் தாளை இரண்டாவது முறை படித்தார். தான் கல்லூரி முடித்த கையோடு இதை எழுதியபோது டெலிட் பொத்தான் வைத்தது ஒரே நாள் வேலை, அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தட்டச்சு செய்யத் தொடங்கினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. அச்சுப் பொறியில் மை மங்கியிருந்ததால் கீழே கண்ணாடிக் கடையில் போய் அச்செடுத்து வந்து முத்திரை வைத்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் அகல்யாவும் அஸ்பாக்கும் கோட்டையூர் போனார்கள். அக்கம்மாள் பாத்திரங்களை எண்ணி அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அஸ்பாக் தன் மடிக்கணினியில் மூன்று பெயர் பதிவைப் போட்டு, ஒன்றை அழித்துக் காட்டினார். அக்கம்மாளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் மூன்று இருந்த இடம் காலியானதைப் பார்க்கத் தெரிந்தது. இன்னொரு முறை செய்யச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். குக்கர், பீஸ், தேங்காய்க் கடை, சிலிண்டர். சில பெயர்களில் நின்று, இவ இப்ப எங்க இருக்கா, நல்லா இருக்காளா என்று விசாரித்தாள்.

கடைசிப் பக்கத்தில் மாரீஸ்வரியின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“இவ?” என்றாள் அக்கம்மாள்.

“அது அவுக சொல்ல வேண்டியது, பெரியம்மா. நான் எழுதல.”

அக்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “அவ நேத்தே வந்து சொல்லிட்டா. நீ கையெழுத்து வாங்க மாட்டேன்னு சொன்னதையும் சொன்னா.” நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “அவன் நிக்கையில அவகிட்ட நான் கேட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு. உன்னையச் சந்தேகப்பட்டதும்தான்.”

மன்னிப்பு அவ்வளவுதான். அகல்யாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் வேலைக்குத் திரும்ப இரண்டு நிபந்தனை வைத்தாள். இனி யாருக்குப் பணம் கொடுத்தாலும், மாவுக் கையானாலும் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் பேங்கோடு ஒத்துப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது. அக்கம்மாள் இரண்டுக்கும் சம்மதித்தாள். ஆடிட்டர் ஆபீசில் நோட்டையும் இரண்டு கடிதங்களையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, பதிவை மறுபடி எழுதச் சொன்னார்கள். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று விழுந்தது.

அகல்யா அதோடு விடவில்லை. அந்தச் சாப்ட்வேரை இப்படியே வைத்திருக்க முடியாது என்று அஸ்பாக்கிடம் சொல்லி, நான்கு சனிக்கிழமை மதியங்கள் அவர் ஆபீசில் போய் உட்கார்ந்தாள். அவர் எழுதியதை அவள் வேண்டுமென்றே தப்பாகப் பயன்படுத்திப் பார்த்தாள். கணக்கு எழுதுகிறவர்கள் எங்கே அவசரப்படுவார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

முதலில் டெலிட் என்ற பொத்தானே போனது. இனி எதையும் ரத்து செய்யலாம், அழிக்க முடியாது. ரத்தான பதிவு குறுக்குக் கோடு போட்டபடி அதே இடத்தில், அதே எண்ணோடு இருக்கும். ஒருவர் பக்கத்திலிருந்து ஒரு வரியைத் தொட்டால், இந்த வரி இருக்கும் பதிவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், மொத்தம் எவ்வளவு என்று பெயர்களோடு காட்டும். இவரை மட்டும் எடுக்கவா, முழுவதையும் ரத்து செய்யவா என்று கேட்கும். ஒருவரை மட்டும் எடுத்தால், அந்தப் பணம் எங்கே போகிறது, பேங்குக்கா, கைக்கா, கொடுக்க வேண்டிய பாக்கிக்கா என்று சொல்லாமல் மேலே நகராது. ஆடிட் முடிந்த வருடத்தை யாரும் தொட முடியாது.

காரணம் எழுதினால்தான் ரத்தாகும் என்று அகல்யா சொன்னபோது அஸ்பாக் தயங்கினார். ஆட்கள் எரிச்சலில் வெறும் புள்ளியை வைத்துவிட்டுப் போவார்கள் என்றார்.

“வைக்கட்டும். யாரு, என்னைக்குப் புள்ளி வச்சாகன்னாவது இருக்கும்ல” என்றாள்.

புதிய பதிப்போடு எழுபது கடைகளுக்கும் ஒரு கடிதம் போனது. பழைய பதிப்பில் என்ன நடந்திருக்கலாம், உள் எண்களில் இடைவெளி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, கேட்டால் நேரில் வந்து பார்த்துத் தருகிறோம் என்று அஸ்பாக் எழுதியிருந்தார். சேக் பரீது கடைசி வரை முனகினார். பிறகு அவரே உறை ஒட்டினார். அவர் பயந்தது நடக்கத்தான் செய்தது. அந்த வாரம் முழுக்கப் போனில் திட்டு வாங்கினார்கள். நான்கு கடைகள் விட்டுப்போயின. மூன்று கடைகளில் இடைவெளி இருந்தது. இரண்டு சின்னத் தொகைகள்.

மூன்றாவது திருப்பத்தூரில் ஒரு மரக்கடை. அங்கே ஒரு லோடுக்கான கூலிப் பதிவு மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. அந்தக் குறைச்சலுக்காக வீரபாண்டியன் என்ற கணக்கரைப் போன வருடமே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். கடை முதலாளி போனில் இதைச் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது என்று அஸ்பாக் சொன்னார். இனி என்ன செய்வது என்று அந்த முதலாளிக்குத் தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று அகல்யாவுக்குத் தெரிந்தது. மறுநாளே மரக்கடைக்குப் போய், முதலாளியைக் கூட்டிக்கொண்டு வீரபாண்டியனைத் தேடிப் புறப்பட்டாள். அவர் பிள்ளையார்பட்டிச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய முதலாளியைக் கண்டதும் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

பங்க் ஆபீஸ் அறையில் உட்கார வைத்து அகல்யா எல்லாவற்றையும் விளக்கினாள். முதலாளி திரும்ப வேலைக்கு வரும்படி கூப்பிட்டார். வீரபாண்டியன் தலையை ஆட்டினார். வேலை வேண்டாம், மகளுக்குச் சம்பந்தம் பேசிய இடத்தில் இதைச் சொல்லித்தான் நிறுத்தினார்கள், அவர்களிடம் காட்ட ஒரு கடிதம் மட்டும் போதும் என்றார்.

முதலாளி பையில் இருந்த கடையின் லெட்டர்பேடை எடுத்து அங்கேயே எழுதினார். எழுதி முடித்ததும் அகல்யா வாங்கிப் படித்தாள். ‘தவறுதலாக ஏற்பட்ட கணக்குக் குழப்பத்தால்’ என்று ஒரு வரி இருந்தது. அவள் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, அந்த இடத்தில் விரலை ஊன்றினாள்.

“இத அடிச்சுட்டு, ‘விசாரிக்காமல் நாங்கள் செய்த தவறால்’னு எழுதுங்க. அடிச்சது தெரியிற மாதிரியே இருக்கட்டும்” என்றாள்.

முதலாளி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கோடு போட்டு, அதற்கு மேலே எழுதினார்.